முன் கண்ணாடியில் ஒட்டிய அட்டை மட்டும் போதுமா?

“நானா, இன்ஷூரன்ஸ் இருக்குதானே, ஏன் பயப்படுறீங்க?”

சில வருடங்களுக்கு முன்னர் கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில் எனது வேன் ஒரு வயோதிபரை மோதிய அன்று, கடைப் பையன் என்னிடம் கேட்ட கேள்வி இது. அன்று சாரதி லீவு. வெள்ளவத்தைக் கடைகளுக்கு அவசரமாகச் சாமான் அனுப்ப வேண்டியிருந்ததால், சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாத அவனிடம் சாவியைக் கொடுத்தவன் நானே. வேனும் ‘ஓபன் பேப்பரில்’ வாங்கியது. காப்புறுதியோ பழைய உரிமையாளரின் பெயரில், சொந்தப் பாவனைக்கென எடுக்கப்பட்டிருந்தது. கால் முறிந்த அந்த மனிதரின் வைத்தியச் செலவையும் அவர் உழைப்பிழந்த மாதங்களுக்கான பணத்தையும் நான் கடை முதலிலிருந்துதான் கொடுத்தேன். அவரது உயிர் தப்பியது அல்லாஹ்வின் உதவி.

மூன்றாம் தரப்புக் காப்புறுதியின்றி வாகனம் வீதிக்கு வரக்கூடாது என்பது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கட்டளை. அது இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரமும் கிடைக்காது. எனவே நம்மில் பலர் ஆகக் குறைந்த கட்டணத்தில் ஒன்றை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு, கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். 2016 நவம்பரில் வரவு செலவுத் திட்டத்தில், காப்புறுதியின்றி ஓட்டுவோருக்கு 25,000 ரூபா தண்டம் முன்மொழியப்பட்டபோது எழுந்த கூச்சல் நினைவிருக்கும். உண்மையில் தண்டம்தான் மிகச் சிறிய செலவு.

சட்டம் கட்டாயமாக்கியிருப்பது பிறரின் மரணத்துக்கும் உடற்காயத்துக்குமான பொறுப்பையே. நமது வாகனத்தின் சேதமோ ஏற்றிய சரக்கோ அதில் அடங்காது. அடுத்தவரின் வாகனத்துக்கும் மதிலுக்கும் எவ்வளவு தொகை வரை பொறுப்பு ஏற்கப்படுகிறது என்பதைப் பத்திரத்தில் வாசித்துத்தான் அறிய வேண்டும். வாகனம் கைமாறினால் பழைய உரிமையாளரின் காப்புறுதி தானாக நம்முடையதாகிவிடாது. சொந்தப் பாவனைக்கென எடுத்துவிட்டுக் கூலிக்கு ஓடினாலோ, அந்த வகை வாகனத்துக்கு அனுமதிப்பத்திரம் இல்லாதவர் ஓட்டினாலோ, நிறுவனம் கைவிரிக்கலாம். அல்லது பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு நம்மிடமே அறவிடலாம்.

“ஓட்டியவன் சாரதிதானே, வழக்கு அவனுக்குத்தானே” என்று சொல்லும் முதலாளிமாரும் உண்டு. தண்டனை சாரதிக்கு என்பது சரி. ஆனால் நமது வேலையாகச் சென்ற சாரதியின் கவனயீனத்தால் விளைந்த நட்டத்துக்கு முதலாளியே நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டும். மாதச் சம்பளக்காரரான சாரதியிடம் எதை அறவிட முடியும்? வழக்கு நம் கடை வாசலுக்கே வரும்.

லொறியில் மூட்டையோடு ஏறிச் செல்லும் நாட்டாமையை யாரும் நினைப்பதில்லை. அவர் நமது ஊழியர். மூன்றாம் தரப்பினர் அல்லர். அவருக்கு நேரும் விபத்துக்கு 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நாமே பொறுப்பு. 2022இல் அதன் உச்சத் தொகை 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. இதற்கும் தனியாகக் காப்புறுதி செய்யலாம்.

வட்டியை எண்ணித் தயங்குவோருக்கு 1999 முதல் நம் நாட்டில் தகாபுல் முறையும் இருக்கிறது. ஆகவே அந்தச் சாட்டும் செல்லாது.

ஒரு பெட்டி சாமான் வாங்கினால் பில்லை வரிவரியாகப் பார்க்கிறோம். காப்புறுதிப் பத்திரத்தில் உள்ள பெயர், பாவனை, சாரதி பற்றிய நிபந்தனை ஆகிய மூன்றையும் இன்றிரவு கடை பூட்டுமுன் ஒருமுறை பாருங்கள். திருத்த வேண்டியிருந்தால் நாளை காலையில் முதல் வேலையாகத் திருத்துங்கள். நமது வாகனத்தால் ஒருவர் படுக்கையில் விழுந்தால், அவரது குடும்பத்தின் ஹக்கு நமது கழுத்தில் இருக்கிறது. அதை நிறைவேற்ற வழி செய்யாமல் சாவியை எவரிடமும் கொடுக்காதீர்கள்.