டூத்பேஸ்ட் கம்பெனி ‘கோர்’ இல்லையா?

"கெமிக்கல் படிச்சுட்டு டூத்பேஸ்ட் கம்பெனிக்கா போற?"

கேம்பஸுக்கு வர்ற ஒரு எஃப்எம்சிஜி கம்பெனிக்குப் பேர் கொடுத்தேன்னு தெரிஞ்சதும் ஹாஸ்டல்ல நான் கேட்ட முதல் கேள்வி இது. ரிஃபைனரின்னா ‘கோர்’, உர ஆலைன்னா ‘கோர்’. ஐடிக்குப் போறேன்னாகூட யாரும் சிரிக்கிறதில்லை. பல் சமாச்சாரம்னா மட்டும் சிரிப்பு. (தமிழ் எனக்குப் பள்ளியில இரண்டாம் மொழிதான். பிழை இருந்தா எடிட்டரைத் திட்டுங்க.)

பால் சாகெல் பேரைக் கேள்விப்பட்டிருக்கீங்களா? அமெரிக்காவில் பி அண்ட் ஜி கம்பெனியின் கெமிக்கல் இன்ஜினியர். கிரெஸ்ட் ஒயிட்ஸ்ட்ரிப்ஸைக் கண்டுபிடிச்சவர்களில் ஒருத்தர். அதுக்காகக் கோர்டன் மூர் பதக்கம் வாங்கியவர்.

பல்லை வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு உதவும்னு அதுக்கு முன்னாடியே தெரியும். பல் டாக்டர் உங்க பல் அளவுக்கு ஒரு டிரே செஞ்சு தருவார். அதில் பெராக்சைடு ஜெல்லை நிரப்பி, ராத்திரி மாட்டிக்கிட்டுத் தூங்கணும். டிரே இல்லாம ஜெல்லைச் சும்மா தடவினா என்ன ஆகும்? நம்ம வாயை ஒரு ரியாக்டர்னு நினைச்சுப் பாருங்க. எச்சில் ஊறிக்கிட்டே இருக்கு, ஜெல்லைக் கரைச்சு இழுத்துட்டுப் போகுது. எச்சில்ல இருக்கிற என்சைம்கள் பெராக்சைடை உடைக்குது. நாக்கு வேற சும்மா இருக்காது. ஆனா பெராக்சைடு எனாமல் வழியா உள்ளே டென்டின் வரைக்கும் டிஃப்யூஸ் ஆகணும்னா, பல் மேல அதோட செறிவு கொஞ்ச நேரமாவது குறையாம நிக்கணும். மாஸ் டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல நாம திட்டிக்கிட்டே படிச்ச ஃபிக் விதி இதேதான்!

அவங்க கண்ட தீர்வு, விரலால அழுத்தினாலே பல்லோட வளைவுக்கு வளைஞ்சு கொடுக்கிற மெல்லிய பாலிஎத்திலீன் பட்டை. அதுல ஒட்டும் தன்மையுள்ள ஜெல் ஒரு சின்னப் படலம். பட்டை எச்சிலைத் தடுக்கும், ஜெல்லே பசையாவும் வேலை செய்யும். 2001-ல் கடைக்கு வந்த முதல் பட்டையில் 5.3% பெராக்சைடு. அரை மணி நேரம், தினம் ரெண்டு தடவை, 14 நாள். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது, பல் பிரிவு ஆளுங்க மட்டும் இதைச் செய்யலைங்கிறதுதான். பிளாஸ்டிக் ஃபிலிம் தெரிஞ்சவங்களும், துணி வெளுக்கிற பிளீச் தெரிஞ்சவங்களும் கூட உட்கார்ந்தாங்க.

"சரி, பல் வெள்ளையா இருந்தே ஆகணுமா?"ன்னு என் ரூம்மேட் கேட்டான். நியாயமான கேள்வி. டென்டின் இயற்கையிலேயே லேசான மஞ்சள்தான். சிவப்பழகு கிரீம் விற்ற நாட்டுல இருந்துக்கிட்டு இதைப் புகழ எனக்கும் கொஞ்சம் உறுத்துது. அந்த உறுத்தலை நான் மறைக்கலை.

ஆனா அதே கிரெஸ்ட்டோட தொடக்கத்தையும் பாருங்க. அப்போ பேஸ்ட்ல இருந்த தேய்ப்புப் பொருளோட கால்சியம், ஃப்ளோரைடைப் பிடிச்சு வீணாக்கிடும். இண்டியானா பல்கலைக்கழகத்துல ஜோசப் முஹ்லர் குழு கால்சியம் பைரோபாஸ்பேட்டை வச்சு அதைச் சமாளிச்சாங்க. 1955-ல் பேஸ்ட் வந்துச்சு. சொத்தையைத் தடுக்கும்னு 1960-ல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமே ஏத்துக்கிச்சு. இதுவும் டூத்பேஸ்ட் கம்பெனி வேலைதான். சிரிக்கிறவங்க இதுக்குப் பதில் சொல்லட்டும்.

எனக்குப் புதன்கிழமை இன்டர்வியூ. மாஸ் டிரான்ஸ்ஃபர் நோட்டை யாரோ கடன் வாங்கிட்டுப் போயிருக்கீங்க, தயவுசெஞ்சு திருப்பிக் கொடுங்க.