கல்லை விட்டுவிடுங்கள்
கொடைக்கானலின் பழைய கல் பங்களா ஒன்று தங்கும் விடுதியாக மாறினால், முதல் வேலையே முகப்பில் பெயர்ப்பலகை மாட்டுவதுதான். அப்படியொரு சுவரில் ஒரு பையன் ஏணியில் நின்று டிரில்லை நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தான். பழனி மலைப் பாறை பெரும்பாலும் சார்னோக்கைட். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் போன, சென்னையை அடுத்த பல்லாவரம் கல்லின் இனம், கடினத்தில் கிரானைட்டுக்கு இளைத்ததல்ல. செங்கல்லில் சுலபமாக இறங்கும் பிட் இங்கே முனை சிவந்து மழுங்கும். கார்பைடு முனை, சுத்தியல் அடி, இடையிடையே வெளியே இழுத்துத் தூளைத் தட்டும் பொறுமை எல்லாம் வேண்டும். ஜன்னல் மரத்துக்கு வந்தால் அந்தச் சுத்தியல் அடியை நிறுத்தியாக வேண்டும். இரும்புக்குக் குறைந்த வேகமும் ஒரு சொட்டு எண்ணெயும். (மூடுபனி ஊர்; பிட்டைக் கவ்வும் சக்குக்கும் ஒரு சொட்டு விடுங்கள், துரு காத்திருக்காது.) அதெல்லாம் சரி, கல்லை ஏன் துளைக்க வேண்டும்? இரண்டு கற்களுக்கு நடுவே சுண்ணாம்புக் காரை இருக்கிறதே! பலகை கழன்றால் அந்தத் துளையைப் பூசி மூடிவிடலாம். கல்லில் விழுந்தது விழுந்ததுதான். பலகை கனமா, முற்றத்தில் கம்பம் நட்டு மாட்டுங்கள். விடுதிக்காரர்களே, டிரில்லை எடுக்குமுன் காரை ஓடும் கோட்டைத் தேடுங்கள்.