பிளைவூட் எண்டு வெட்கப்படத் தேவையில்லை

எங்கட அறைச் சுவரில் ஒரு கிற்றார் தொங்குது. பார்க்க நல்ல வடிவு. நடுவில் பொன்னிறம், ஓரத்துக்கு வர வரக் கருமை, வயலினில் இருப்பதுபோல 'எஃப்' எழுத்து வடிவில் இரண்டு துளைகள். வாசிக்கத்தான் ஏலாது. கழுத்து முறுகிப்போய்விட்டது. நாலு பேர் சேர்ந்து 45,000 ரூபாய் கொடுத்து, போனில் படத்தை மட்டும் பார்த்து வாங்கினது. அதில் ஒருவனுடைய பங்கு அவனுடைய இரண்டு மாத ரியூசன் காசு. அவன் இதுவரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் எங்களுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஒரு வருசம் கழித்து, திரும்பவும் காசு சேர்த்து, இந்தமுறை உருப்படியாக ஒன்று வாங்கியிருக்கிறோம். ஆகவே கொஞ்சம் கதைக்க எங்களுக்கு உரிமை இருக்கு எண்டு நினைக்கிறோம். நாங்கள் சொல்ல வருவது இதுதான்: விலை குறைந்த ஆர்ச்ரொப் கிற்றார் போலி இல்லை. காசை எதுக்குக் கொடுக்கிறோம் எண்டு தெரியாமல் கொடுக்கிறதுதான் பிழை.

மேற்பலகை தட்டையாக இல்லாமல், வயலின்போல வளைந்து உயர்ந்திருக்கிற கிற்றாரைத்தான் ஆர்ச்ரொப் எண்டு சொல்லுறது. உள்ளே வெற்றுக்கூடு. அதில் பிக்கப் பூட்டினால் எலெக்ரிக். ஜாஸ் இசையில் கேட்கிற அந்த உருண்டையான, கதகதப்பான சத்தம் பெரும்பாலும் இதிலிருந்துதான் வருது.

நாங்கள் வாங்கப்போகிறோம் எண்டதும் கம்பஸில் வாசிக்கிற ஒரு அண்ணா கேட்ட முதல் கேள்வி: "உது பிளைவூட் அல்லோ? காசைக் கரியாக்காதேங்கோ. சேர்த்து வைச்சு ஒரிஜினல் ஒண்டு வாங்குங்கோ."

அவர் சொன்னது பாதி உண்மை. விலை குறைந்த ஆர்ச்ரொப்புகள் மெல்லிய மரத் தகடுகளை ஒட்டி, அச்சில் அழுத்தி வளைத்துச் செய்யப்படுபவை. 1922இல் கிப்சன் கொண்டுவந்த எல்-5 போன்றவையோ முழுப் பலகையைச் செதுக்கிச் செய்தவை. ஆனால் அதே கிப்சன்தான் 1949இல் ஈ.எஸ்-175 எண்ட மாதிரியை ஒட்டுப் பலகையில் செய்து விட்டது. விலை 175 டொலர். பெயரிலேயே விலை இருக்கு. செதுக்கிச் செய்ததைவிட மலிவாக இருக்கவேண்டும் எண்டுதான் அது வந்தது. அதோடு இன்னொரு நன்மையும் சேர்ந்தது. ஒட்டுப் பலகை அவ்வளவு எளிதில் அதிராது. அதனால் அம்ப்பின் சத்தத்தைக் கூட்டும்போது கிற்றார் ஊளையிடுவதும் குறைவு. ஜோ பாஸ், ஜிம் ஹோல் போன்ற மேதைகள் அதைத்தான் கையில் எடுத்தார்கள். இண்டைக்கு நாங்கள் 'ஒரிஜினல் ஜாஸ் சத்தம்' எண்டு கொண்டாடுகிறதில் பெரிய பங்கு பிளைவூட்டில் இருந்து வந்தது. அப்ப யாரைப் பார்த்து வெட்கப்படுறது?

எங்கட ஊர்ச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் பிளைவூட் இன்னும் பொருந்தும். முழுப் பலகை ஈரத்தைக் குடித்து வீங்கும், காய்ந்தால் சுருங்கும், சிலவேளை வெடிக்கும். ஒட்டுப் பலகையில் தகடுகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டியிருப்பதால் அந்த ஆட்டம் குறைவு. ஏசி இல்லாத, மழைக்காலத்தில் புத்தகத்துக்கே பூஞ்சணம் பிடிக்கிற அறையில் இது சின்ன விசயம் இல்லை.

அப்ப எதைப் பார்த்து வாங்குறது? முதலில் கழுத்து. தலைப் பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடி, கழுத்து நெடுகப் பாருங்கோ. லேசான வளைவை உள்ளே இருக்கிற கம்பியைத் திருகிச் சரிசெய்யலாம். முறுகல் இருந்தால் அதை அங்கேயே வைத்துவிட்டு வாங்கோ. பிறகு ஆறு தந்தியிலும் ஒவ்வொரு பிரெற்றாக அழுத்தி வாசியுங்கோ. எங்கேயாவது இரைகிறதா, சத்தம் செத்துப்போகிறதா எண்டு கேளுங்கோ. அம்ப்பில் போட்டு, குமிழ்களை எல்லாம் திருப்பிப் பாருங்கோ. வெற்றுக்கூடு எண்டபடியால் உள் வயரிங் பழுதானால் எல்லாவற்றையும் அந்த 'எஃப்' துளை வழியாக வெளியே இழுத்துத்தான் திருத்தவேண்டும். கூலி அதுக்கேற்ற மாதிரித்தான் வரும்.

பெயர் கடைசியில்தான். ஐபனீஸின் ஆர்ட்கோர் வரிசை, எபிபோன், கிரெட்சின் விலை குறைந்த வரிசைகள் எல்லாவற்றிலும் நல்லதும் இருக்கு, கவலையீனமாகப் பாவித்துக் கெடுத்ததும் இருக்கு. நாங்கள் இரண்டாந்தரம் வாங்கினது பாவித்த கிற்றார். மூன்று தரம் நேரில் போய் வாசித்துப் பார்த்தோம். ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். அதுக்கு மேலே புதுத் தந்திகளுக்கும், தந்தி உயரத்தைச் சரிசெய்யவும் கொஞ்சக் காசை முதலே ஒதுக்கி வைத்தோம். அந்தச் சின்னச் செலவுதான் சாதாரணக் கிற்றாரை வாசிக்கக்கூடிய கிற்றாராக மாற்றினது.

எல்லாருக்கும் ஆர்ச்ரொப் வேணும் எண்டு நாங்கள் சொல்ல வரவில்லை. பெரிய ஸ்பீக்கருக்கு முன்னால் நின்று, டிஸ்ரோசன் போட்டு வாசிக்கிற ஆளுக்கு அதே காசில் முழுக்கட்டைக் கிற்றார்தான் நல்லது. வெற்றுக்கூடு அந்த இடத்தில் ஊளையிட்டு மானத்தை வாங்கும். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறதுதான் 1958இல் வந்த ஈ.எஸ்-335 வழி: கூட்டுக்கு நடுவில் ஒரு மரக்கட்டை. எங்களுக்கு வேண்டியிருந்தது வேறு. நாலு பேர், ஒரு அறை, ஒரு கிற்றார். இரவு பத்து மணிக்குப் பிறகு அம்ப் இல்லாமலே கட்டிலில் இருந்து வாசிக்கலாம். கரண்ட் போனாலும் பரவாயில்லை. மேடை வந்தால் வயரைக் குத்தினால் சரி.

இன்னொன்று. அநேகமான ஆர்ச்ரொப்புகளில் தந்தியைத் தாங்குகிற பிரிட்ஜ் ஆணி அடித்து இறுக்கப்பட்டதில்லை, தந்தியின் அழுத்தத்தில் மட்டும் நிற்குது. ஆறையும் ஒரேயடியாகக் கழற்றினால் அது நகர்ந்துவிடும், பிறகு எவ்வளவு சுருதி கூட்டினாலும் மேல் பிரெற்றுகளில் பிழைக்கும். ஒவ்வொரு தந்தியாக மாற்றவேண்டும். பிரிட்ஜ் நிற்கிற இடத்தைப் பென்சிலால் மெல்லக் குறித்தும் வைக்கலாம். கடையில் இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, முதல் கிழமையே ஆறையும் கழற்றிவிட்டு முழிச்சோம்.

கம்பஸ் முடிய இந்தக் கிற்றார் யாருக்கு எண்ட கேள்வி வந்தது. பங்கு பிரிக்க ஏலாத சாமான். விக்கிறதில்லை, அறைக்கு அடுத்து வாற தம்பிமாருக்கு விட்டுப்போறது எண்டு முடிவெடுத்திருக்கிறோம். சுவரில் தொங்குறதையும் சேர்த்துத்தான். கழுத்து முறுகினால் எப்படி இருக்கும் எண்டு அவங்கள் காசு குடுக்க முதல் பார்க்கட்டும்.