அந்த ஆடியோவை நானும் அனுப்பினேன்

2018 மே மாதத் தொடக்கத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு ஆடியோ வந்தது. பிள்ளை பிடிக்கிற வடநாட்டுக் கும்பல் நம் பக்கம் இறங்கியிருக்கிறதாம். எதற்கும் ஜாக்கிரதையாக இருக்கட்டுமே என்று எங்கள் தெருப் பெரியவர்கள் குழுவுக்கு நானும் தட்டிவிட்டேன். பேசுவது யார், எந்த ஊரில் எந்தக் குழந்தை காணாமல் போனது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. முப்பது வருஷம் சமூக அறிவியல் சொல்லிக் கொடுத்தவன் நான்!

மே 9-ஆம் தேதி. இங்கிருந்து செய்யாறு, ஆரணி தாண்டினால் போளூர். அதன் பக்கத்தில் அத்திமூர். கோயிலுக்கு வந்த சென்னைக் குடும்பம் ஒன்று வழி கேட்கக் காரை நிறுத்தியது. அங்கிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். அவ்வளவுதான். கூட்டம் திரண்டு அடித்ததில் 65 வயது அம்மா ஒருவர் இறந்துபோனார். அதே நாட்களில் பழவேற்காட்டிலும் ஒருவரை அடித்தே கொன்றார்கள்.

என் ஆடியோ அத்திமூர் வரை போயிருக்காது. ஆனால் அதே மாதிரி ஒன்றை என் மாதிரி ஒருவர்தானே அங்கேயும் அனுப்பியிருப்பார்?

1995 செப்டம்பரில் பிள்ளையார் பால் குடிக்கிறார் என்றதும் டம்ளரோடு வரிசையில் நின்றவனும் நான்தான். அதில் போனது பால் மட்டும்.

அதே 2018-இல் கேரளத்துக் கண்ணூரில், கலெக்டர் மீர் முகமது அலி சுமார் 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்க வகுப்பு நடத்த வைத்தார். நம் பள்ளிகளிலும் அது வேண்டும். ஆனால் ‘ஊடகத்தின் நன்மை தீமைகள்’ என்று பத்து மதிப்பெண் கேள்வியாக்கிவிடக் கூடாது. அந்த வாரம் வந்த செய்தியையே பலகையில் எழுத வேண்டும். 2023 மார்ச்சில், பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் கொல்கிறார்கள் என்று வேறெங்கோ நடந்ததன் வீடியோவைப் பரப்பினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து விசாரித்தது. ஒரகடத்தில் அவர்கள் நம்மோடுதான் வேலை செய்கிறார்கள். அந்த வீடியோவை எங்கே, எப்போது எடுத்தார்கள் என்று மாணவர்களே தேடட்டும்.

நம் வயதுக்காரர்களையும் பின் பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும். புடவை எடுக்கும்போது முந்தானை ஜரிகையைச் சுரண்டி, உள்ளே சிவப்பு நூல் தெரிகிறதா என்று பார்க்கிற ஊர் இது. செல்போனில் வருவதை மட்டும் அப்படியே வாங்கி, அடுத்தவருக்கும் கொடுத்துவிடுகிறோம்.

அந்த ஆடியோவை நான் இன்னும் அழிக்கவில்லை. எந்தப் பள்ளியாவது கூப்பிட்டால், முதல் வகுப்புக்கு அதையே எடுத்துக்கொண்டு போவேன்.