கதவைத் திறந்தால் மட்டும் போதுமா?

தேசியக் கல்விக் கொள்கை 2020-இல் வெளியான நாளிலிருந்து, உயர் கல்வி பற்றித் தில்லியில் நடக்கும் எந்தக் கருத்தரங்கிலும் தவறாமல் ஒலிக்கும் முழக்கம் ஒன்று உண்டு. மாணவர் எந்தக் கட்டத்திலும் படிப்பில் நுழையலாம், எந்தக் கட்டத்திலும் வெளியேறலாம், படித்தது எதுவும் வீணாகாது என்பதே அது. இதற்காக 2021 ஜூலையில் கிரெடிட் வங்கி தொடங்கப்பட்டது. பள்ளிக் கல்வி, தொழிற்கல்வி, உயர் கல்வி மூன்றையும் ஒரே அளவுகோலால் மதிப்பிடும் தேசிய கிரெடிட் கட்டமைப்பு 2023-இல் வந்தது.

இந்தப் புதுமைகள் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு படிப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் வழி ஒன்று நம் நாட்டில் நடைமுறையில் இருந்து வருகிறது. பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமோ முடித்த மாணவர், பொறியியல் பட்டப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். அந்த மாணவருக்கு இந்த வழி எப்படிப் பயன்பட்டிருக்கிறது என்று பார்த்தாலே, புதிய முழக்கங்களின் எதிர்காலத்தைக் கணித்துவிடலாம்.

இந்த நேரடிச் சேர்க்கைக்கு ஒவ்வொரு மாநிலமும் ஒரு வழியை வைத்திருக்கிறது. மேற்கு வங்கத்தில் ஜெலெட், கர்நாடகத்தில் டிசிஇடி, ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் இசெட் என நுழைவுத் தேர்வுகள் உள்ளன. தமிழகத்திலும் மகாராஷ்டிரத்திலும் டிப்ளமோ மதிப்பெண்ணே அடிப்படை. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ விதிக்கும் தகுதி, குறைந்தபட்சம் 45 விழுக்காடு மதிப்பெண். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 விழுக்காடு. ஆக, கதவு திறந்துதான் இருக்கிறது. உள்ளே போனபின் என்ன நடக்கிறது என்பதைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

டிப்ளமோ மாணவர் கணிதம் படிப்பது பெரும்பாலும் முதலாண்டிலும், மிஞ்சினால் இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலும்தான். அதன்பின் பட்டறை, ஆய்வுக்கூடம், துறைசார் பாடங்கள் என்றே காலம் கழிகிறது. பொறியியல் கல்லூரியின் இரண்டாம் ஆண்டில் அமரும்போது, கணிதத்தைத் தொட்டு ஏறத்தாழ இரண்டாண்டுகள் ஆகியிருக்கும். அங்கே காத்திருப்பது என்ன? ஃபூரியர் தொடர், பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள், உருமாற்றங்கள். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் மூன்றாம் பருவத்தில் நெடுங்காலம் இடம்பெற்றிருந்த கணிதத் தாளின் பெயரே அதுதான். மின்னணுவியல் மாணவர் என்றால் அதே பருவத்தில் சமிக்ஞைகள் பற்றிய பாடமும் சேர்ந்து கொள்ளும். லாப்லாஸ் உருமாற்றம் கைவராத ஒருவருக்கு அந்தப் பாடத்தில் பாதி புரியாது.

அவர் அருகில் அமர்ந்திருக்கும் மாணவரோ, மேல்நிலைப் பள்ளியில் இரண்டாண்டுகள் வகை நுண்கணிதமும் தொகை நுண்கணிதமும் படித்தவர். கல்லூரியின் முதலாண்டில் அணிகள், பன்மாறி நுண்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள் என மேலும் ஓர் ஆண்டு பயின்றவர். இந்த மூன்றாண்டு வேறுபாட்டை நேரடிச் சேர்க்கை மாணவர் யாருடைய உதவியும் இன்றி, வழக்கமான பாடங்களுக்கு இடையே, ஒரே பருவத்தில் ஈடுகட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். பாலிடெக்னிக் வகுப்பறையில் தாய்மொழியில் விளக்கம் கேட்டுப் பழகியவருக்கு ஆங்கில விரிவுரை என்ற சுமையும் உண்டு. போதாக்குறைக்குப் பல மாநிலங்களில் டிப்ளமோ முடிவுகள், கலந்தாய்வு என இழுத்துக்கொண்டே போய், இவர்கள் கல்லூரிக்குள் நுழையும்போது வகுப்புகள் தொடங்கிச் சில வாரங்கள் கடந்திருக்கும்.

இதில் முரண் என்னவென்றால், இந்த மாணவர் எதுவும் தெரியாதவர் அல்லர். லேத் இயந்திரத்தில் நின்று வேலை பார்த்தவர். மோட்டாரைப் பிரித்துக் கம்பி சுற்றியவர். நில அளவைக் கருவியைத் தோளில் சுமந்து வயலில் நடந்தவர். பொறியியல் பட்டதாரிகளுக்குச் செயல்திறன் இல்லை என்று தொழில் நிறுவனங்கள் ஓயாமல் குறைகூறுகின்றனவே, அந்தச் செயல்திறன் இவர்களிடம் இருக்கிறது. குறைவது கணிதம் ஒன்றுதான். அதைக் கற்றுக்கொடுக்க முடியாதா என்ன?

ஏஐசிடிஇ இதை அறியாததல்ல. பலதரப்பட்ட பின்னணியிலிருந்து வரும் மாணவர்களுக்குக் கணிதம், இயற்பியல், பொறியியல் வரைபடம் போன்றவற்றில் பல்கலைக்கழகங்கள் இணைப்புப் பாடங்கள் நடத்த வேண்டும் என்று அதன் அங்கீகார விதிநூலில் ஒரு வாக்கியம் இருக்கிறது. எத்தனை மணி நேரம், யார் செலவில், நடத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் அந்த வாக்கியத்தில் இல்லை. முதலாண்டு மாணவர்களுக்கென மூன்று வார அறிமுகப் பயிற்சியை ஏஐசிடிஇ வகுத்துத் தந்திருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அது முதலாண்டில் சேர்வோருக்கானது. அதைவிட அதிகமாக அறிமுகம் தேவைப்படும் நேரடிச் சேர்க்கை மாணவர் வரும்போது அந்தப் பயிற்சி முந்தைய ஆண்டே முடிந்து போயிருக்கும்.

உதவித்தொகையில் நிலைமை சற்று மேல். மாணவிகளுக்கு ஆண்டுக்கு ரூ.50 ஆயிரம் வழங்கும் பிரகதி திட்டத்தில், இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் மாணவிகளும் விண்ணப்பிக்கலாம். பணம் கல்லூரிக் கட்டணத்துக்கு உதவும். கைவிட்டுப்போன கணிதத்தை மீட்டுத் தராது.

கல்லூரி நிர்வாகங்களின் கணக்கு வேறு. நேரடிச் சேர்க்கை மாணவர்கள் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் கூடுதல் இடங்களிலும், முதலாண்டில் காலியாகக் கிடந்த இடங்களிலும் சேர்க்கப்படுகிறார்கள். முதலாண்டில் இடம் நிரம்பாத தனியார் கல்லூரிக்கு இவர்கள் கட்டண வருவாய். முதல் தலைமுறைப் பட்டதாரி ஆகும் கனவோடு வரும் மாணவர், அரியர்களைச் சுமந்துகொண்டு மூன்றாண்டுப் படிப்பை ஐந்தாண்டுக்கு இழுக்கும்போது அந்தக் கல்லூரிக்கு நட்டம் ஏதும் இல்லை. கல்விக் கடன் வாங்கிய தந்தைக்குத்தான் நட்டம். நேரடிச் சேர்க்கையில் வந்தவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் பட்டம் பெற்றனர் என்ற கணக்கை ஒவ்வொரு கல்லூரியும் தனியாக வெளியிட வேண்டும் என்று ஓர் ஆணை பிறப்பித்தால், இணைப்புப் பாடங்கள் தாமாகவே தொடங்கிவிடும்.

அமெரிக்காவில் இந்தப் பணியைச் செய்பவை சமுதாயக் கல்லூரிகள். இரண்டாண்டு அங்கே குறைந்த செலவில் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்கு மாறலாம். 1960-இல் கலிபோர்னியா மாநிலம் வகுத்த உயர் கல்வித் திட்டம் இந்த மாற்றத்தை வெறும் சலுகையாக வைக்காமல், பல்கலைக்கழகத்தின் கடமையாகவே ஆக்கியது. எந்தச் சமுதாயக் கல்லூரியின் எந்தப் பாடம், எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடத்துக்கு ஈடு என்ற பட்டியல் அங்கே பொதுவில் கிடைக்கிறது. மாணவர் முதல் பருவத்திலேயே அதைப் பார்த்துத் தன் பாடங்களைத் தேர்ந்தெடுக்கிறார். கணிதத்திலும் அறிவியலிலும் பின்தங்கிய பிரிவு மாணவர்களைத் தூக்கிவிட 1970-இல் ஓக்லாந்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தொடங்கிய மெசா என்ற திட்டம், பின்னர் சமுதாயக் கல்லூரிகளுக்கும் விரிந்தது. கூட்டாகப் படிக்கும் வகுப்புகள், வழிகாட்டி ஆசிரியர், பல்கலைக்கழகத்தோடு முன்கூட்டியே தொடர்பு என அதன் உதவிகள் அனைத்தும் மாணவர் மாறுவதற்கு முன்பே தொடங்குகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும்.

அங்கே எல்லாம் செம்மையாக நடக்கிறது என்று சொல்வதற்கில்லை. சமுதாயக் கல்லூரியில் சேர்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரே பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறார் என்றும், ஆறு ஆண்டுகளில் பட்டம் பெறுபவர் ஆறில் ஒருவர் அளவே என்றும் அந்நாட்டு ஆய்வுகளே கூறுகின்றன. ஆனால் அவர்கள் எண்ணிப் பார்க்கிறார்கள், குறையை வெளியே சொல்கிறார்கள். தவிர, அந்த வழியில் சென்றவர்கள் எட்டிய உயரமும் குறைவானதன்று. 1999 ஜூலையில் கொலம்பியா விண்கலத்துக்குத் தலைமையேற்று, விண்வெளி ஓடத்துக்குத் தலைமை வகித்த முதல் பெண் என்ற பெயர் பெற்ற ஐலீன் காலின்ஸ், நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் சமுதாயக் கல்லூரியில் படித்துவிட்டு சிராக்யூஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறியவர். அந்தப் பயணத்தில் அவர் கொண்டு சென்றது, சென்னை மாநிலக் கல்லூரி மாணவரான சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா தொலைநோக்கி.

சமுதாயக் கல்லூரி என்ற பெயர் நமக்கும் புதிதல்ல. 1995-இல் புதுவைப் பல்கலைக்கழகமும் 1996-இல் சென்னையில் கத்தோலிக்க உயர் மறைமாவட்டமும் அவற்றைத் தொடங்கின. 2013-இல் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுவதற்கும் ஒரு திட்டமாகவே கொண்டு வந்தது. அவை தொழிற்பயிற்சியோடு நின்றுவிட்டன. நம் நாட்டில் அறிவியல், பொறியியல் பட்டத்தை நோக்கிய படிக்கட்டாக உண்மையில் இருப்பது பாலிடெக்னிக்தான்.

இனி, மத்திய அரசின் சொந்த நிறுவனங்களுக்கு வருவோம். எங்கும் நுழையலாம் என்று உரக்கச் சொல்வது மத்தியக் கல்வி அமைச்சகம். அதன்கீழ் வரும் ஐஐடிகளின் பி.டெக். இரண்டாம் ஆண்டில் டிப்ளமோ மாணவர் சேர வழியே இல்லை. ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வுக்கான விதியின்படி, மூன்றாண்டு டிப்ளமோ என்பது பன்னிரண்டாம் வகுப்புக்கு ஈடான ஒரு தகுதி, அவ்வளவே. மாணவர் ஜேஇஇ எழுதி முதலாண்டிலிருந்து தொடங்க வேண்டும். மூன்றாண்டு பொறியியல் படித்ததற்கு அங்கே ஒரு கிரெடிட்டும் கிடையாது. கிரெடிட் வங்கியின் சிறப்பை மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு எடுத்துரைக்கும் அமைச்சகம், அந்த வங்கியின் காசோலையைத் தன் வீட்டிலேயே ஏற்க மறுப்பது விந்தை அல்லவா?

வேலை பார்த்துக்கொண்டே பொறியாளர் ஆக, டிப்ளமோ படித்தவர்களுக்கு ஒரு தலைமுறைக்காலம் ஏஎம்ஐஇ தேர்வுகள் துணை நின்றன. 2013 மே 31 வரை பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே அதன் அங்கீகாரம் என்று மத்திய அரசு வரையறுத்தது. பணியில் இருப்போர் மாலை நேரத்தில் பட்டம் படிக்க 2023-24 முதல் ஏஐசிடிஇ மீண்டும் வழிசெய்திருக்கிறது. நடுவில் பத்தாண்டுகள் போனது போனதுதான்.

ஐஐடியின் தரம் தாழ்ந்துவிடும் என்று சிலர் பதறக்கூடும். சென்னை ஐஐடி 2020-இல் அறிவித்த தரவு அறிவியல் பட்டப் படிப்பின் சேர்க்கை முறையை அவர்கள் பார்க்கட்டும். விண்ணப்பித்தவர்களுக்கு முதலில் நான்கு வாரம் பாடம் கற்பித்து, பயிற்சிகள் தந்து, கற்பித்ததிலிருந்தே தேர்வு வைத்து, தேறியவர்களைச் சேர்க்கிறார்கள். கற்றுக்கொடுத்துவிட்டுச் சோதிக்கும் இந்த முறையை டிப்ளமோ மாணவர்களுக்கு ஆறு மாதமாக நீட்டுவதில் என்ன தடை? பாலிடெக்னிக்கின் கடைசி ஆண்டிலேயே, பட்டப் படிப்புக்குச் செல்ல விரும்புவோருக்கு விருப்பப் பாடமாகக் கணிதத்தை வைக்கலாம். அருகிலுள்ள பொறியியல் கல்லூரி ஆசிரியர் வாரம் இருமுறை வந்து நடத்தலாம். அதற்கு உரிய கிரெடிட்டையும் தரலாம். பாடநூல்கூடப் புதிதாக எழுத வேண்டியதில்லை. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் முதலாண்டுப் பொறியியல் பாடநூல்களை ஏஐசிடிஇ ஏற்கெனவே கொண்டு வந்திருக்கிறது. நேரடிச் சேர்க்கை மாணவர் படிக்காமல் தாண்டி வருவது அந்த முதலாண்டைத்தான்.

மாநில அரசுகளும் தம் பங்கைச் செய்ய வேண்டியிருக்கிறது. டிப்ளமோ பாடத்திட்டத்தை வகுப்பது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் அல்லது வாரியம், பட்டப் படிப்பை வகுப்பது பல்கலைக்கழகம். இரண்டும் ஒரே மேசையில் அமர்ந்து பாடத்துக்குப் பாடம் ஈடு காணும் பட்டியல் தயாரித்தால், பட்டறைப் பயிற்சியைத் திரும்பச் செய்வதில் வீணாகும் நேரத்தைக் கணிதத்துக்குத் திருப்பிவிடலாம்.

ஐஐடிகளில் ஒரு துறைக்கு ஐந்து இடமேனும் இரண்டாம் ஆண்டில் டிப்ளமோ மாணவர்களுக்கு ஒதுக்க, நாடாளுமன்றத்தில் புதிய சட்டம் இயற்ற வேண்டிய தேவை இருப்பதாகத் தெரியவில்லை. இதுபோன்ற பொதுக் கொள்கைகளை ஆராய்வதற்கென்றே ஐஐடி கவுன்சில் இருக்கிறது. அதன் தலைவர் மத்தியக் கல்வி அமைச்சர். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்க வேண்டியவரும் அவரே.