கூட்டு மேய்ச்சலில் நேரும் காயங்களும் அவற்றின் பொறுப்பும்

மேய்ச்சல் நிலம் வருஷத்துக்கு வருஷம் சுருங்கி வருவதனால், ஒருவருடைய நிலத்தில் பலருடைய கால்நடைகள் கூடி மேய்வது தவிர்க்க முடியாததாகி விட்டது. காங்கேயம் பக்கத்தில் கிளுவை வேலியால் அடைக்கப்பெற்ற கொறங்காடுகள் குத்தகைக்கு விடப்படுவது யாவரும் அறிந்ததே. எடப்பாடியைச் சூழ்ந்த கிராமங்களிலும் தம் காட்டுப் புல்லை அயலாருக்குக் கூலிக்கு விடுவோரும், பங்காளிகளாய்ச் சேர்ந்து ஒரே அடைப்பில் தம் உருப்படிகளை விடுவோரும் உளர். இவற்றுள் பெரும்பாலானவை மாடுகளே, குதிரைகள் சிலவே. எனினும் பூலாம்பட்டித் துறையில் காவிரியைக் கடந்து மேற்கே சென்றால் அடையும் அந்தியூரில், ஆடி மாதத்துக் குருநாதசுவாமி திருவிழாச் சந்தைக்குக் குதிரைகளும் பர்கூர் மாடுகளும் ஏராளமாய் வருகின்றன. அங்கே குதிரை வாங்குவோர் எல்லோரிடத்தும் அதற்கெனத் தனி மேய்ச்சல் நிலம் இருப்பதில்லை. பிறருடைய குதிரையோடு சேர்த்து விடவே நேருகிறது.

இவ்விதம் விடப்பட்ட ஒரு குதிரை மற்றொன்றை உதைத்து அதன் கால் எலும்பை முறித்துவிட்டதென்று வைத்துக்கொள்வோம். எலும்பு முறிந்த குதிரை பெரும்பாலும் பிழைப்பதில்லை. பிழைத்தாலும் வேலைக்கு உதவுவதில்லை. அந்நஷ்டம் யாரைச் சேர்ந்தது? காயம்பட்ட குதிரைக்கு உடையவன் உதைத்த குதிரைக்கு உடையவனைக் கேட்கிறான். அவன் நிலத்துக்காரனைக் காட்டுகிறான். நிலத்துக்காரனோ, புல்லுக்குத்தான் கூலி வாங்கினேனேயன்றிக் காவலுக்கு அல்லவென்கிறான். பஞ்சாயத்தார் கூடினால் ஆளுக்குப் பாதியென்று தீர்த்துவிடுவதே எளிதாகத் தோன்றுகிறது.

சரிபாதித் தீர்ப்பு சண்டையை நிறுத்தக்கூடும். ஆயினும் நியாயத்தை நிறுத்துவதில்லை. தன் குதிரை சாதுவென்று நம்பி விட்டவனும், அது உதைகால் குதிரையென்று நன்கறிந்திருந்தும் வாய்திறவாமல் விட்டவனும் ஒரே தொகையைக் கொடுப்பார்களாயின், உண்மையைச் சொல்லுவதனால் ஒருவனுக்கும் லாபமில்லை என்றாகும். ஆகவே, பொறுப்பை நிர்ணயிப்பதில் முதலாவதாகக் கேட்கற்பாலது, எந்தப் பிராணி உதைத்தது என்பதன்று. அதன் துர்க்குணத்தை யார் அறிந்திருந்தார், அறிந்ததை யாரிடம் சொன்னார் என்பதேயாம்.

இவ்விஷயத்தில் சட்டம் என்ன சொல்லுகிறதென்பதைப் பலர் தவறாக எண்ணிக் கொண்டிருக்கின்றனர். 1871-ம் வருஷத்துக் கால்நடை அத்துமீறல் சட்டம் பவுண்டுப் பட்டியில் அடைப்பதைப் பற்றியது. குதிரையும் மட்டக்குதிரையும் கழுதையுங்கூட அச்சட்டத்தில் ‘கால்நடை’ என்னும் சொல்லில் அடங்கும். ஆனால் நிலத்துக்கும் பயிருக்கும் விளைபொருளுக்கும் நேரும் சேதத்தைத் தடுப்பதே அதன் நோக்கமாகும். சம்மதத்தின்பேரில் ஒரே நிலத்தில் விடப்பட்ட இரண்டு பிராணிகளுக்குள் நேர்ந்த காயத்துக்கு அதில் பரிகாரமில்லை. குற்றச் சட்டமும் இதற்கு உதவுவதாயில்லை. பிராணியை அஜாக்கிரதையாய் வைத்திருப்பதைப் பற்றிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 289-வது பிரிவும், 2024-ம் வருஷம் ஜூலை மாதம் 1-ந் தேதி முதல் அதனிடத்தில் வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 291-வது பிரிவும், மனித உயிருக்கு ஏற்படும் அபாயத்தையும் மனிதருக்கு நேரும் கொடுங்காயத்தையுமே கருதியவை. பிராணியைக் கொல்லுதல், ஊனப்படுத்துதல் பற்றிய பிரிவோ, ஒருவன் வேண்டுமென்றே அல்லது தெரிந்தே சேதம் விளைவித்தாலன்றிப் பொருந்தாது. எனவே போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுவதனால் இவ்வழக்கு தீருவதில்லை.

இதற்கு ஏற்ற விதிகள் 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் உள்ளன. ஒரு பொருளைப் பிறர் வசம் ஒப்படைப்பதைப் பற்றி 148-வது பிரிவு முதல் அது கூறுகின்றது. தன் வசம் ஒப்படைக்கப்பட்டதை, சாதாரண விவேகமுள்ள ஒருவன் அதே நிலைமையில் தன் சொந்தப் பொருளைக் காக்குமளவு காக்கவேண்டுமென்பது 151-வது பிரிவு. அவ்வாறு காத்தும் நஷ்டம் நேர்ந்தால், வேறு விசேஷ ஒப்பந்தம் இல்லாதவிடத்து அவன் பொறுப்பாளியல்லன் என்பது 152-வது பிரிவு. ஒப்படைப்பவனுக்கும் கடமை உண்டு. பொருளிலுள்ள அபாயகரமான குறை தனக்குத் தெரிந்திருந்தால் அதை வெளியிட வேண்டுமென்று 150-வது பிரிவு விதிக்கின்றது. இதற்குச் சட்டமியற்றியோர் காட்டிய உதாரணமே ஒரு குதிரைதான். முரட்டுக் குதிரையென்று அறிந்திருந்தும் அதைச் சொல்லாமல் ஒருவன் இரவல் கொடுக்க, வாங்கியவன் அதிலிருந்து விழுந்து காயமுற்றால், கொடுத்தவனே ஜவாப்தாரி. இவ்விதி ஒப்படைப்பவனுக்கும் பெறுபவனுக்கும் இடையிலுள்ளது. ஆயினும் அதிலடங்கிய நியாயம் அதே அடைப்பில் குதிரை விட்ட மூன்றாமவனுக்கும் பொருந்துமென்பதை ஊர்ப் பெரியோர் உணர்வது கடினமன்று.

இவ்விடத்தில் ஒரு வித்தியாசத்தை நிலச்சொந்தக்காரர்கள் கவனிக்க வேண்டும். வெறும் புல்லை விலைக்கு விடுவது வேறு. பிராணியைத் தம் காவலில் ஏற்றுக்கொள்வது வேறு. உடையவனே தினந்தோறும் வந்து அவிழ்த்து விட்டு, மாலையில் பிடித்துக் கட்டுவானாயின், நிலத்துக்காரன் புல் விற்றவன் மாத்திரமே. தண்ணீர் காட்டுவதும் இரவில் அடைப்பதும் நிலத்துக்காரனுடைய ஆளென்றால், அவன் ஒப்படைப்பைப் பெற்றவனாகிறான். 151-வது பிரிவின் கடமை அவனைச் சாரும். மேய்ச்சல் கூலி எவ்வளவென்று பேசுவோர் இதையும் உடன் பேசாமல் விடுவதே பிற்காலத்துச் சச்சரவுக்கெல்லாம் வித்தாகின்றது.

ஆங்கில தேசத்துக் கோர்ட்டுகளில் இவ்விதமான குதிரை வழக்குகள் பல நடந்திருக்கின்றன. 1865-ல் தீர்ந்த ஒரு வழக்கில், பழுதான வேலி வழியே அயல் நிலத்தில் நுழைந்த ஒரு பெட்டைக்குதிரை அங்கிருந்த குதிரையை உதைத்தது. வேலியைச் செப்பனிடவேண்டியவனாகிய அதன் உடையவன் நஷ்டஈடு கொடுக்க வேண்டியதாயிற்று. 1874-ல் ஒரு குதிரை வேலிக்கு அப்பாலிருந்த பெட்டைக்குதிரையைக் கம்பியினூடே கடித்தும் உதைத்தும் காயப்படுத்தியது. வாயும் காலும் எல்லை கடந்தமையால் அதுவும் அத்துமீறலேயென்று தீர்ப்பாயிற்று. 1875-ல் தீர்ந்த வழக்கு மேய்ச்சலுக்கு விடப்பட்ட ஒரு குதிரைக்குட்டியைப் பற்றியது. பக்கத்து நிலத்துக் காளை கிடேரிகளை நாடிப் பலமுறை தன் நிலத்தில் நுழைந்ததை நிலத்துக்காரன் அறிந்திருந்தும், குட்டியைக் கிடேரிகளோடே விட்டு வைத்தான். காளை குட்டியைக் குத்திவிட்டது. காளை முரடென்று அவனுக்குத் தெரியுமாவென்பது அவசியமேயில்லை. காவலை ஏற்றவன் தக்க ஜாக்கிரதை எடுத்துக்கொள்ளவில்லையென்பதே போதுமென்று கோர்ட்டார் கருதினர். 1923-ல் வந்த வழக்கிலோ இரு குதிரைகளும் ஒரே நிலத்தில் இருந்தன. ஒன்று மற்றொன்றைக் காயப்படுத்திற்று. துர்க்குணம் முன்பே உடையவனுக்குத் தெரிந்திருந்ததாக நிரூபணமில்லாமையால் அவன் பொறுப்பாளியாக்கப்படவில்லை. இவ்விதிகளில் பெரும்பாலானவற்றை அத்தேசத்தில் 1971-ம் வருஷத்துப் பிராணிகள் சட்டம் மாற்றியமைத்திருப்பினும், பிராணியின் குணத்தை உடையவன் அறிந்திருந்தானா என்னும் கேள்வி அதிலும் முக்கியமாகவே நிற்கின்றது.

இந்நியாயம் மிகப் பழமையானது. விவிலியத்தில் யாத்திராகமம் 21-வது அதிகாரம், ஒருவனுடைய மாடு மற்றொருவனுடைய மாட்டை முட்டிக் கொன்றால், உயிருள்ள மாட்டை விற்று அதன் கிரயத்தையும், செத்ததையும் இருவரும் பங்கிட்டுக் கொள்ளும்படி விதிக்கிறது. அது முட்டுமாடென்று முன்பே தெரிந்திருந்தும் உடையவன் கட்டி வைக்காமற் போனால், மாட்டுக்கு மாடு கொடுக்க வேண்டும். நம் தேசத்து மனுஸ்மிருதி, பகலில் மந்தையின் பொறுப்பு மேய்ப்பவனுடையதென்றும், இரவில் வீட்டிலிருக்கும்போது உடையவனுடையதென்றும் பிரித்துக் காட்டுகிறது. ஆகவே சரிபாதித் தீர்ப்பு தொன்மையற்றதென்று சொல்லுவதற்கில்லை. ஆனால் முன்னறிவு இல்லாதவிடத்து மாத்திரமே அது வழங்கிற்றென்பதை நம் பஞ்சாயத்தார் மறத்தலாகாது.

சரிபாதியை ஆதரிப்போர் கூறும் நியாயம் ஒன்றுண்டு. பிறன் மனத்தில் இருந்ததை யார் கண்டார்? குணம் தெரியாதென்று அவன் சொல்லிவிட்டால் எப்படி மெய்ப்பிப்பது? சிறு குடியானவன் கோர்ட்டுக்கு நடப்பதிலும் பாதி கிடைத்தாலும் மேலன்றோ? இக்கேள்விகளில் உண்மையில்லாமலில்லை. ஆனால் மெய்ப்பிக்கும் கஷ்டத்துக்குப் பரிகாரம் குற்றமுள்ளவனையும் குற்றமற்றவனையும் ஒன்றாக நடத்துவதன்று. பிராணியை அடைப்பில் விடுமுன்னரே சாட்சிகள் எதிரில் அதன் குணத்தை எழுதி வாங்குவதேயாம். எழுதியது பொய்யானால் அந்த எழுத்தே சாட்சியாகும்.

இதற்கு நீண்ட பத்திரம் வேண்டியதில்லை. ஒரு காகிதத்தில், பிராணியின் நிறம், வயது, அடையாளம், உத்தேச மதிப்பு. முன்பு உதைத்ததோ கடித்ததோ முட்டியதோ உண்டா என்பது. அதைக் காவல் காப்பவர் யார். வேலியைச் செப்பனிடுவது யார். புதிய பிராணியைச் சேர்க்குமுன் யாரைக் கேட்க வேண்டும். யாருடைய குற்றமுமில்லாமல் காயம் நேர்ந்தால் வைத்தியச் செலவு எவ்விதம் ஏற்கப்படும் என்னும் ஷரத்துக்களைக் கண்டு, உரியவர்கள் யாவரும் கையொப்பமிட்டால் போதுமானது. கடைசி ஷரத்தில் சரிபாதியென்று எழுதிக்கொள்வதில் குற்றமில்லை; முன்பே சம்மதித்த பாதி நியாயமானதே.

எழுத்தினாலன்றி அறிவினாலும் பல காயங்களைத் தடுக்கலாகும். குதிரைகள் தமக்குள் முறைவரிசை வகுத்துக் கொள்ளும் ஜாதி. புதிதாய் வந்ததைப் பழையவை விரட்டுவது துர்க்குணமன்று, இயற்கை. ஆதலால் புதியதைச் சில நாள் வேலிக்கு அப்பால் பார்வைக்கு வைத்துப் பின்பு சேர்ப்பது நன்று. அவ்வேலி கடிக்கும் உதைக்கும் எட்டாததாயிருத்தல் வேண்டும். பின்னங்கால் லாடம் உதையின் வலிமையைப் பெருக்குவதால், கூட்டமாய் மேயவிடும் காலத்தில் அதைக் கழற்றி விடுவது உத்தமம். தீனியை ஒரே இடத்தில் குவிக்காமல் உருப்படிகளின் எண்ணிக்கைக்கு ஒன்றிரண்டு கூடுதலான இடங்களில் வைக்கவேண்டும். தண்ணீர்த் தொட்டியை மூலையில் வைத்தால் பலவீனமானது தப்பியோட வழியிராது. பொலிக்குதிரையையும், குட்டியோடிருக்கும் பெட்டையையும் தனியே அடைப்பதே முறை. நீண்ட கொம்புள்ள எருதுகளையும் குதிரைகளையும் ஒரே அடைப்பில் விடாமலிருப்பது இன்னும் நல்லது.

காயம் நேர்ந்தபின் செய்யவேண்டியது முதலாவதாகச் சிகிச்சை. பிறகு அரசாங்கக் கால்நடை மருத்துவரிடம் காயத்தின் தன்மையைக் குறித்து எழுத்து மூலம் சான்று பெறவேண்டும்; பிராணி இறந்துவிட்டால் புதைக்குமுன் பிரேத பரிசோதனை செய்விக்கவேண்டும். வேலியின் நிலையை அன்றே இருதரப்பாரும் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் இதில் ஒரு பங்குண்டு. 1980-ம் வருஷம் வரையில் மணியக்காரரும் கர்ணமும் ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்களாகையால், எவருடைய மாடு முட்டும், எவருடைய குதிரை கடிக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றுள்ள கிராம நிர்வாக அலுவலர் வெளியூராராகவும் இருத்தல் கூடும், மாறுதலுக்கும் உட்பட்டவர். ஞாபகத்தினால் காக்கப்பட்டதை இனி எழுத்தினால் காக்க வேண்டியிருக்கின்றது. அவருக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரமில்லை. ஆனால் மேய்ச்சல் காலம் தொடங்குமுன் நிலக்காரரையும் கால்நடைக்காரரையும் கூட்டி, மேற்சொன்ன காகிதத்தை எழுதிக்கொள்ளும்படி தூண்டுவதற்கு எந்த அதிகாரமும் வேண்டுவதில்லை. பஞ்சாயத்தாரும், வழக்கு வந்தவுடன் தொகையைப் பேசத் தொடங்காமல், குணம் முன்பே தெரிந்ததா, சொல்லப்பட்டதா, காவல் யாருடையது, வேலி யாருடையது என்னும் நான்கையும் வரிசையாய் விசாரிப்பார்களாயின், சரிபாதியென்னும் தீர்ப்பு அதற்குரிய இடத்தில் மாத்திரம் வழங்கும். உண்மையைச் சொல்லிப் பிராணியை விட்ட விவசாயிக்கும் அதனால் நஷ்டம் வராது.