நீரே காத்த மரம்
கீழடியின் தொன்மையைப் பொ.ஆ.மு. 6ஆம் நூற்றாண்டுவரை கொண்டுசென்றது ஒரு கரித்துண்டு. எரிந்ததால் எஞ்சிய மரம் அது! எரியாத மரமும் காற்றுப் புகாத சேற்றில் நெடுங்காலம் நிலைக்கும்; நைந்துபோன அதன் நுண்ணறைகளை நீரே தாங்கி நிற்கிறது. வெயிலில் உலர்ந்தால் அம்மரம் சுருங்கி, வெடித்து, உருவிழக்கும். 1961இல் கடலினின்று மீட்ட வாசா கப்பலின்மீது சுவீடன் நாட்டார் பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலை 17 ஆண்டுகள் தெளித்தனர். கேரளத்துப் பட்டணம் அகழாய்விலும் 2007இல் மரத்தோணி ஒன்று வெளிப்பட்டது. வைகைக்கரை உறைகிணறுகளின் அடிச்சேற்றில் நாளையே மரம் தென்படலாம். ஆகவே, குழி வெட்டுமுன்பே நீர்த்தொட்டியும் வேதியியல் வல்லுநரும் அங்கே ஆயத்தமாக இருத்தல் வேண்டும். அதற்கு வழியில்லையெனில், கண்ட மரத்தை ஈரமண்ணால் மீண்டும் மூடி, இடத்தைக் குறித்துவைப்பதே முறை.